பற்றை மூடிய வளவை வாங்கிவிட்டீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் யாழ்ப்பாணத்து உரும்பிராய்ப் பக்கம் பழைய வீடொன்றை வாங்கினோம். நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர் வளவு. உரியவர்கள் நெடுங்காலமாக வெளிநாட்டில் இருந்தார்கள். முதல் நாள் படலையைத் திறக்க முடியவில்லை. உட்பக்கம் நாயுண்ணிப் பற்றை அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வளவு வாங்கிய உறவினர், அயலவர், ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசும் என் மைத்துனர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போனதால் எழுதிவைக்கிறேன். நான் விவசாய உத்தியோகத்தன் அல்லன். பிழை விட்டுப் பழகியவன்.

மழை ஓய்ந்துவிட்டது, வசந்தம் வருகிறது. இப்போதே கன்று நடலாமா?

வேண்டாம். மைத்துனருடன் நான் அதிகம் வாதாடிய கேள்வி இது. அவருடைய ஊரில் பனி உருகினால் நடுகைக்காலம். நமக்கு வசந்தம் என்பது வெயிலின் முன்வாசல். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் கிடைக்கும் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரையான மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் வரும் சிறுமாரி நிலத்தை நனைக்கும், வேரை நனைக்காது. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் முற்றத்தில் நின்று பாருங்கள், உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருக்கும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாட்கள் அவை. அது தணியும் முன்பே வைகாசியில் சோளகம் தொடங்கும். அந்தக் காற்று இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். சித்திரையில் நட்ட கன்றுக்குப் புரட்டாசி வரை காலையும் மாலையும் தண்ணீர் சுமக்க வேண்டும். ஒருநாள் கல்யாண வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தால் கன்று கருகியிருக்கும்.

மாசி முதல் வைகாசி வரை வெட்டுவதற்கும், எல்லை பார்ப்பதற்கும், குழி தோண்டுவதற்கும், எரு சேர்ப்பதற்கும் உரிய காலம். நடுகையைப் புரட்டாசிக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

சரி, முதல் வாரம் என்ன செய்வது?

கத்தியை எடுக்க முன் காணி உறுதிப் பத்திரத்தை எடுங்கள். யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியோடு கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கிணறு எங்கே, பங்குக்காரர் யார், அவர் எந்தப் பக்கமாக வருகிறார் என்று தெரியாமல் பற்றை வெட்டத் தொடங்கினால் ஒருவருடைய பாதையை நீங்களே மூடிவிடுவீர்கள். எல்லைக் கற்கள் தெரியாவிட்டால் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். வேலிக்காக இங்கே சகோதரர்களே வழக்காடியிருக்கிறார்கள்.

பிறகு அயல் வீட்டில் மூத்தவர் எவராவது இருந்தால் அவரை ஒரு சுற்று அழைத்துச் செல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து, கொடி மூடிய ஒரு குவியலைக் காட்டி, "தம்பி, அதற்குள் கப்பித்தூண் நிற்க வேண்டும், பார்" என்றார். வெட்டிப் பார்த்தோம். தூண் மட்டுமன்று, கல்லில் கட்டிய தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. வேலியில் ஏறியிருந்த கொடியை நான் இழுக்கப்போனபோது கையைத் தட்டிவிட்டார். அது முசுட்டை. அன்று மாலையே அதை வறுத்துக் கொடுத்தனுப்பினார்.

பெக்கோ இயந்திரம் விட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும். நான் அப்படித்தான் முடித்தேன், வளவின் பின்பாதியை.

காலை எட்டு மணிக்கு வந்தது. மாலை நான்கு மணிக்கு உள்ளங்கை போல் வெளித்திருந்தது. படம் எடுத்து மைத்துனருக்கு அனுப்பினேன். இரண்டு கிழமைகள் கழித்துத்தான் நடந்தது புரிந்தது. பற்றையோடு சேர்த்து அரை அடி மேல்மண்ணையும் வழித்துக் கோடிப்புறத்தில் மலையாகக் குவித்திருந்தது இயந்திரம். நமது நிலம் சுண்ணக்கல்லின் மேல் போர்த்திய மண். சில இடங்களில் அந்தப் போர்வை மிக மெல்லியது. பல தலைமுறைகள் ஓலையும் எருவும் தாழ்த்துச் சேர்த்த கறுப்பும் சிவப்பும் கலந்த மண் போய்விட்டது, கீழே கல் கலந்த வெறும் செம்மண் தெரிந்தது. மேற்கு வேலியில் துளிர்க்கும் நிலையில் நின்ற பூவரசங் கதியால்கள் ஒன்பதையும் காணவில்லை. சித்திரையில் ஒரு மழை பெய்தது. பத்தாம் நாள் அந்த வெளி முழுக்கப் பார்த்தீனியக் களை.

இயந்திரத்தை ஓட்டிய பையனில் பிழையில்லை. வழித்துத் துப்புரவாக்கு என்று சொன்னது நான்.

முன்பாதியை இரண்டு பேர் கத்தி, மண்வெட்டி, அலவாங்கு, கொக்கத்தடியோடு பதினொரு நாட்கள் வெட்டினார்கள். செலவு கூடியது. ஆனால் அந்தப் பாதியில்தான் இன்று கறிவேப்பிலை, தூதுவளை, ஒரு பழைய மாதுளை, ஆடாதோடை எல்லாம் நிற்கின்றன. அவை எவற்றையும் நான் நடவில்லை. இடிந்த மதில், பெரிய அடிக்கட்டை போன்றவற்றை அகற்ற மட்டும் இயந்திரம் போதும். அப்போதும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எதை வெட்டுவது, எதை விடுவது?

பெயர் தெரியாத எதையும் முதல் மாதம் வெட்டாதீர்கள். நாயுண்ணி, நாகதாளி, எருக்கலை, விடத்தல் போகலாம். விடத்தலை அடியில் வெட்டினால் போதாது. வேரிலிருந்து பத்தாக எழும்பும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். இபில் இபில் என்று சொல்லும் மரம் ஆட்டுக்குத் தழையாகும், ஆனால் விதை சிந்திச் சிந்தி வளவையே பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு காய் முற்றும் முன் கொய்துவிடுங்கள்.

வேம்பு, பூவரசு, முருங்கை, அகத்தி ஆகியவற்றை வளைந்து கோணலாக நின்றாலும் விடுங்கள். உங்கள் புதுக்கன்றுகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் நிழல் தரப்போவது இவைதான். பழைய மாமரம் காய்க்காமல் நின்றால் வெட்ட அவசரப்பட வேண்டாம். குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி ஏறியிருந்தால் அந்தக் கொப்பைக் குருவிச்சைக்குச் சற்றுக் கீழே அறுத்து, உள்ளே வெயில் விழும்படி காய்ந்த கொப்புகளை எடுத்துவிட்டு ஒரு மாரி பாருங்கள். எங்கள் வெள்ளைக்கொழும்பான் அடுத்த ஆண்டே பூத்தது. முயிறு கடித்தது வேறு கதை.

சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் மட்டும் கன்றிலேயே எடுத்துவிடுங்கள். காகம் போட்ட விதைதானே என்று விட்ட வீடுகளை வலிகாமம் வடக்கில் போய்ப் பார்க்கலாம். 1990இல் மக்கள் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பி வந்தபோது சில வீடுகளில் மரம் சுவரைப் பிடித்திருந்ததா, சுவர் மரத்தைப் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

பனையை வெட்ட அனுமதி வேண்டுமா?

வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி தேவை. உங்கள் காணி, உங்கள் மரம் என்ற வாதம் அங்கே எடுபடாது. முதலில் கிராம அலுவலரிடம் போங்கள். மரத்தை வாகனத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோவதற்கும் அனுமதி கேட்பார்கள். வடலியாக நிற்கும்போது ஆண்பனையா பெண்பனையா என்று எவராலும் சொல்ல முடியாது. பாளை வரும்வரை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுக்க வேண்டும். பாதையிலும் வீட்டருகிலும் நிற்கும் வடலியைத் தவிர மற்றவற்றை விட்டுவிடுவதே என் யோசனை. காவோலையைக் கழித்து, கறுக்குமட்டையை ஒதுக்கிவிட்டால் வடலிக்கூடல் அத்தனை பயங்கரமாகத் தெரியாது.

பார்த்தீனியத்தை எப்படி ஒழிப்பது?

வெள்ளைப் பொட்டுகளாகப் பூக்கும், கரட் இலையைப் போல் கீறிய இலையுள்ள செடி. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து உலகெங்கும் பரவியது. தோலில் பட்டால் சிலருக்கு அரித்துத் தடிக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு அதன் மகரந்தம் ஆகாது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டும் என்பதால் கணக்கு எளியது: பூக்க முன் பிடுங்க வேண்டும். சிறுமாரிக்கு அடுத்த நாள் மண் இளகியிருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வேரோடு இழுங்கள். பூக்காததை வெயிலில் காயவிட்டு எருக்கிடங்கில் போடலாம். பூத்ததைப் போடவே கூடாது. அதைச் சாக்கில் கட்டித் தனியாக வைத்து அழியுங்கள். நான் பத்து நாட்களுக்கு ஒருமுறை என்று மூன்று மாதம் பிடுங்கினேன். அடுத்த மாரியிலும் வந்தது, ஆனால் ஒரு கடகத்துக்குள் அடங்கியது.

கோரையைப் பற்றியும் கேட்கிறீர்கள். மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகக் கோத்துக்கொண்டிருக்கும் பூண்டு அது. கொத்தினால் பெருகும். நிழல் விழுந்தால் மெலியும். அதனோடு சமாதானமாகப் போகப் பழகிக்கொண்டேன்.

களைநாசினி அடித்தால் இந்த வேலை எல்லாம் இல்லையே?

கிளைபோசேற்றை இலங்கை 2015இல் தடை செய்தது, பிறகு படிப்படியாகத் தளர்த்தியது. சட்டம் இருக்கட்டும். உங்கள் கிணறு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் நிலத்தடி நீரே. சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் அதிகம் என்பதால் மேலே ஊற்றியது வடிகட்டப்படாமல் கீழே போய்ச் சேரும். தோட்டங்களில் போட்ட உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே பல கிணறுகளில் கலந்திருக்கிறது. நான்கு பரப்புக் காணிக்கு மண்வெட்டி போதும்.

பாம்பு, பூச்சி, காய்ச்சல்?

புடையன், நாகம், எண்ணெய் விரியன், சுருட்டை நான்கும் இங்கே உண்டு. முழங்கால் வரை சப்பாத்து, ஒரு நீண்ட தடி. குவியலைக் கையால் தூக்காதீர்கள். முதலில் தடியால் தட்டிப் புரட்டுங்கள். வெட்டிய பற்றையை இரவோடு இரவாக வீட்டுச் சுவரோரம் குவித்து வைப்பதுதான் பெரும்பாலானோர் விடும் தவறு. கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 1990 என்ற எண்ணை அழைத்து அம்புலன்ஸில் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்ணிக் காய்ச்சல். பற்றைக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. பற்றை வெட்டி ஒன்றிரண்டு கிழமைகளில் கடும் காய்ச்சலும் தலையிடியும் வந்து, கமக்கட்டிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த புண் இருந்தால் வைத்தியரிடம் "பற்றை வெட்டினேன்" என்ற சொல்லை மறக்காமல் சொல்லுங்கள். உரிய மருந்து கொடுத்தால் விரைவில் குணமாகும். சொல்லாவிட்டால் வேறு காய்ச்சல்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றித் தேய்த்துக் குளிப்பதே காப்பு.

சிரட்டை, உடைந்த பானை, பழைய ரயர் எல்லாவற்றையும் சிறுமாரிக்கு முன் அகற்றுங்கள். டெங்கு நுளம்பு குடியிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடவும் சட்டத்தில் இடமுண்டு.

மண்ணுக்குள் இரும்பாக ஏதோ தட்டுப்பட்டால்?

போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம். மண்வெட்டியை வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வாருங்கள். தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பக்கத்தில் நெருப்பு வைக்காதீர்கள். தூரத்தில் ஒரு தடியும் துணியும் கட்டி அடையாளம் வைத்து, பொலிஸின் 119க்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். பழைய பாதுகாப்பு வலயத்தை அண்டிய காணி என்றால் வெட்டத் தொடங்கும் முன்பே அந்த இடம் பரிசோதித்து விடுவிக்கப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள். வெட்டிய குப்பையையும் கொளுத்த வேண்டாம். அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாழ்கிணற்றை எப்போது இறைப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றுக்குள் ஒருவரையும் உடனே இறக்காதீர்கள். கெட்ட காற்று நின்றால் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்கப் போனவரும் மயங்குவார். மேலே நிற்கும் கொடியை வெட்டி, காற்றும் வெயிலும் படவிட்டு, பழகிய ஆட்களைக் கொண்டே செய்யுங்கள்.

சித்திரையில் மேல்வாரியாக இறைத்துக் குப்பையை அள்ளலாம். முழுவதும் கலக்கி இறைப்பதற்குத் தண்ணீர் மிகவும் குறைந்திருக்கும் ஆவணியே வாய்ப்பு. எப்படியானாலும் பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் வற்றவைக்காதீர்கள். நமது நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். கடலோரத்து வளவுக் கிணற்றிலும் நடப்பது அதுதான். மேலேயுள்ளதை வேகமாக உறிஞ்சினால் கீழேயுள்ளது ஏறி வரும். உவர் ஏறிய கிணறு திரும்ப ஒரு மாரி, சிலவேளை பல மாரிகள் பிடிக்கும்.

உடனே பாவிக்காத கிணற்றில் சில கப்பி மீன்களை விட்டு, வலை போட்டு மூடுங்கள். டெங்குவுக்காக மட்டுமன்று. 2016இல் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நுளம்பு வகை கிணற்று நீரிலும் பெருகுகிறது.

வெட்டிய குப்பை முழுவதையும் என்ன செய்வது?

அது குப்பையன்று. நான் வழித்தெறிந்த மண்ணுக்கு ஈடு அதுதான்.

கன்று நடப்போகும் இடங்களை இப்போதே குறித்துக்கொண்டு, மாவுக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழமாகக் கிடங்கு வெட்டுங்கள். கல் தட்டினால் அலவாங்கால் உடையுங்கள். கல்லை வரம்புக்கு அடுக்கலாம். கிடங்கு சில வாரங்கள் வெயிலில் வெறுமனே கிடக்கட்டும். பிறகு அடியில் பழைய பனையோலையை மிதித்துப் பரப்பி, மேல் சருகு, மாட்டெரு, ஒரு படை மண் என்று மாறிமாறிப் போடுங்கள். ஓலை தாழ்ப்பது நமது தோட்டக்காரரின் பழைய கை. மெல்ல உக்கும், ஈரம் பிடிக்கும், இறுகிய செம்மண்ணை இளக்கும். பழைய வேலியோலை கழிப்பவர்கள் அயலில் இருந்தால் கேட்டு வாங்குங்கள், சும்மாவே தருவார்கள். தென்னைக்கு என்றால் பொச்சுமட்டை. புரட்டாசிக்குள் கிடங்கு அரை அடி தாழ்ந்திருக்கும். அதைச் சமப்படுத்தி நட வேண்டியதுதான் பாக்கி.

வேலியா, மதிலா?

கையில் காசிருந்தால் மதில் என்பதே இன்றைய வழக்கம். எனக்கு விருப்பமில்லை. சோளகத்தை மதில் திருப்பி முற்றத்திலேயே சுழலவிடும், வேலி வடித்து விடும். ஓலை கட்டுவதை வெயில் காலத்திலும், கதியால் போடுவதை ஐப்பசி மழையோடும் வைத்துக்கொள்ளுங்கள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை எல்லாம் தடியாக ஊன்றினாலே துளிர்க்கும். சீமைக்கிளுவைத் தழை நல்ல பசளை. வீதிப்பக்கம் மட்டும் மதில் கட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் சண்டை வராமல் இருக்கும்.

புரட்டாசியில் என்னென்ன நடலாம்?

செம்மண்ணில் மா, மாதுளை, தேசி, தோடை, கொய்யா, வாழை. கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு மாவுக்கு இடையில் முப்பது அடி விடுங்கள். கன்றைப் பார்த்தால் அநியாயம் போலத் தோன்றும். தென்மராட்சி மணலில் வளவு என்றால் தென்னையும் பலாவும் உங்களுக்கு வாய்த்தவை. தீவகத்தில் உவர் பார்த்து நடுங்கள். சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920ஐ அழைத்தால் தமிழிலேயே விளக்கம் சொல்வார்கள்.

அதுவரை சும்மா இருக்க முடியாது. ஏதாவது நட்டே ஆக வேண்டும்!

கிணற்றடியில் இரண்டு பாத்தி போடுங்கள். கழுவிய தண்ணீர் பாயும் இடத்தில் முளைக்கீரை, வெண்டி, பயிற்றை. மூன்று கிழமையில் கீரை பிடுங்கலாம். என் மனைவி இதைத்தான் செய்தார். பெக்கோ வழித்த பாதியைப் பார்த்து நான் துக்கம் காத்துக்கொண்டிருந்தபோது வீட்டில் கீரைக்கறி.

மகள் பச்சைப் புல்தரை கேட்கிறாள். போடலாமா?

வைகாசியிலிருந்து ஆவணி வரை அந்தப் புல்லுக்கு ஊற்றும் தண்ணீரைக் கிணற்றுப் பங்குக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். வெயில் படும் இடத்தில் அறுகு தானாக வரும். மழைக்குப் பச்சை, வெயிலுக்கு மஞ்சள். மற்றபடி முற்றத்துக்கு மணல் போட்டுக் காலையில் கூட்டிவிட்டால் பாம்பின் தடம்கூடத் தெரியும். மணல் வாங்கும்போது நாக்கில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.